கை போகாத இடத்தில் பாத் டப் ஒழுக்கு: தங்கூசி கட்டிச் செய்த வேலை

வட்டக்கச்சியில் பெரியம்மா கட்டிய வீட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும்போது தேவைப்படும் என்று ஃபைபர் பாத் டப் ஒன்று வைத்தார். இப்போது அதில் இருப்பது அம்மா. வெந்நீரில் முழங்காலை நீட்டி அரைமணி இருந்தால்தான் அவருக்கு இரவில் நித்திரை. கழிவுத் தண்ணீர் பின்வளவு வாழைக்குப் போகும்.

போன மாதம் வாழைப்பாத்தி காய்ந்து, குளியலறையின் பின்சுவர் ஈரமானது. ரப்பர் தக்கையும் பிடிக்கவில்லை; அம்மா எழும்ப முன்னமே தண்ணீர் நாலு விரல் இறங்கிவிடும். கிணறு வற்றும் காலத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

டப்பைச் சுற்றிச் சீமெந்தால் கட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கழிவுக் குழாய் வெளியே வரும் ஓட்டை மட்டும்தான் வழி. என் கை மணிக்கட்டோடு நின்றுவிடும். போனை உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். குழாய் மூட்டுகள் காய்ந்திருந்தன. தண்ணீரைத் திறந்தபோது டப்பின் அடியும் வேஸ்டும் (தண்ணீர் வடியும் வாயில் பொருத்தும் துண்டு) சேரும் இடத்தில்தான் துளி கட்டியது. வொஷர் போய்விட்டது. டைல்ஸ் உடைக்கத் தேவையில்லை.

இந்த வேஸ்ட் இரண்டு துண்டு. மேலே சல்லடை வட்டு, கீழே குழாயோடு சேர்ந்த கிண்ணம். நடுவில் ஒரு ஸ்க்ரூ இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. அதைக் கழற்றினால் கிண்ணம் குழாயோடு சரிந்துவிடும், பிறகு நேரே கொண்டுவர முடியாது. பக்கத்து வீட்டு அண்ணை முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். "தம்பி, ஸ்க்ரூவைத் தொட முதல் கீழ்த்துண்டைக் கட்டிப் போடும்" என்று தங்கூசியும் (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) தந்தார்.

ஸ்க்ரூத் தலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாக இறுகிக் கிடந்தது. வினாகிரியில் நனைத்த துணியை இரவு முழுக்க வைத்தேன். காலையில் ஊசியால் சுரண்ட, பள்ளம் தெரிந்தது.

வளைத்த கம்பியால் தங்கூசியைச் சல்லடை வழியே இறக்கி, கிண்ணத்தின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றி மேலே எடுத்தேன். அப்புறம்தான் ஸ்க்ரூவைத் திருப்பினேன். வெளியே இருந்து மருமகன் தன் சின்னக் கையை விட்டுக் குழாயைத் தாங்கிக்கொண்டான். "மாமா, ஆடுது, ஆனா விழேல்ல!" என்று கத்தினான். பழைய வொஷர் காய்ந்த தோடம்பழத் தோல்போல வெடித்திருந்தது.

புது வொஷர் டப்பின் வடியும் ஓட்டையைவிடப் பெரிது. தங்கூசியில் கோர்த்து, இரண்டாக மடித்து உள்ளே தள்ள, கீழே போய் விரிந்து கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷம் பெரிது.

ஈரத்தில் சிலிக்கன் ஒட்டாது என்பதால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மேல் வட்டின் அடியில் சிலிக்கன் வைத்து, ஸ்க்ரூவைப் பாதி இறுக்கி, தங்கூசியை உருவினேன். பிறகு சிலிக்கன் சுற்றிவரப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். இன்னும் இறுக்கினால் ஃபைபர் வெடிக்கும். 24 மணி நேரம் யாரும் தொடவில்லை.

தக்கை வாங்கப் போகும்போது வேஸ்டின் வாயை அளந்துகொண்டு போனேன்: 45 மில்லிமீற்றர். பேசின் தக்கை இதைவிடச் சிறிது.

நேற்று இரவு நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டேன். சுவர் ஓட்டைக்குள் பழைய பத்திரிகைத் தாளும் வைத்தேன். விடியப் பார்க்க, தண்ணீர் அதே கோட்டில் நின்றது. தக்கையை இழுத்துத் தொட்டியை வெறுமையாக்கிய பிறகும் தாள் காய்ந்தே இருந்தது.

வாழைக்குத் தண்ணீர் போகிறது. சுவர் ஓட்டையைச் சீமெந்தால் அடைக்கப் போவதில்லை. இரண்டு ஸ்க்ரூவில் கழற்றக்கூடிய தகட்டு மூடி ஒன்று வெட்டிக்கொண்டிருக்கிறேன்.