ஜிம்னியில் கடமான் வேட்டை: டார்கோ மலைக்குப் போகிறவர்கள் முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள்

மெல்பர்னில் புதிதாக வேட்டை உரிமம் எடுக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: லேண்ட்குரூசர் மாதிரிப் பெரிய வண்டி இல்லாமல் மலைக்குப் போக முடியுமா? முடியும். டார்கோ மலையூருக்குப் போய்த் திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன்: மூன்று கதவு சுசுகி ஜிம்னி அந்த மலைத்தடங்களில் தாராளமாக ஏறி இறங்குகிறது. அது திணறுவது திரும்பி வரும்போது, ஏற்றக் கூடாத எடையை ஏற்றிய பிறகுதான். அந்த எடையில் பாதி, கடைக்காரர்கள் நம் தலையில் கட்டும் இரும்பு. அதைப் பார்த்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலைமை நேர் எதிர். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்ட நம் மிளா என்ற இந்தக் கடமான், இங்கே பல்கிப் பெருகி, மலைக்காட்டின் மரக்கன்றுகளையும் ஓடைக்கரைகளையும் நாசம் செய்கிறது. உரிமம் உள்ளவர்கள் அரசு வனங்களில் ஆண்டு முழுவதும் நடந்து வேட்டையாடலாம். தேசியப் பூங்காக்களில் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும், பெரும்பாலும் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும். எந்த மேடு எதற்குள் வருகிறது என்பதை அரசின் 'மோர் டு எக்ஸ்ப்ளோர்' செயலியில் பார்த்து, சிக்னல் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டார்கோவைத் தாண்டினால் போனை நம்ப முடியாது.

மெல்பர்னிலிருந்து டார்கோ சுமார் 320 கிலோமீட்டர். நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நூறில் போனால் இன்ஜின் மூவாயிரம் சுற்றைத் தாண்டிக் கத்தும், எதிர்க்காற்று அடித்தால் நான்காவது கியருக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோல்தான் கவலை. டேங்க் 40 லிட்டர். சாமான் ஏற்றிய ஜிம்னி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது லிட்டர் குடிக்கும். லோ ரேஞ்சில் (மேடு பள்ளத்தில் மெதுவாக இழுத்துப் போவதற்கான தாழ்ந்த கியர்) பன்னிரண்டுக்கு மேல். வீட்டில் நிரப்பிய டேங்க்கை நம்பி டார்கோ வந்தால் மலைக்கு மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு லிட்டர். ஸ்ட்ராட்ஃபோர்டிலோ பெய்ன்ஸ்டேலிலோ மறுபடி முழுசாக நிரப்பிவிடுங்கள். மலையடிவாரத்தில் பெட்ரோல் எப்போதும் விலை கூடுதல். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் லாரியில் வர வேண்டும். ஆனாலும் நாற்பது லிட்டர் போடும்போது வயிறு எரியும்.

இப்போது எடைக்கு வருவோம். மேனுவல் கியர் ஜிம்னியின் சொந்த எடை ஏறக்குறைய 1,075 கிலோ. மொத்தமாக அனுமதிக்கப்பட்டது 1,435. ஆள், சாமான், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து 360 கிலோதான் கையிருப்பு. பூட்சும் குளிர்ச்சட்டையும் போட்ட இரண்டு பேர் 170. மிச்சம் 190. தண்ணீர் இருபது. கூடாரம், படுக்கை, அடுப்பு, சாப்பாடு நாற்பது. துப்பாக்கிகள், பெட்டி, தோட்டா, கத்திகள், பைனாகுலர் பதினைந்து. மீட்புக் கருவிகள், காற்றடிக்கும் மோட்டார், ஸ்பேனர்கள் முப்பது. பத்து லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்பது. காலி எஸ்கி என்ற குளிர்பெட்டியும் ஐஸும் பதினெட்டு. மிஞ்சுவது 58 கிலோ. ஓர் இளம் பெண்மானை எலும்பு நீக்கி எடுத்தால் நாற்பது, நாற்பத்தைந்து கிலோ கறி தேறும். கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

இதிலே முன்னால் இரும்பு புல்பார் நாற்பது கிலோ, சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் இருபத்தைந்து, கூரையில் ரேக் இருபது என்று மாட்டிப் பாருங்கள். மான் விழுந்த நாளில் எழுபது கிலோ அதிகம். பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு இடிக்கும், இறக்கத்தில் பிரேக் சூடேறும். கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். வண்டி நிமிரும், உண்மை. ஆனால் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். கூரையில் ஏற்றலாமா என்றால் அங்கே மொத்தமே 30 கிலோதான் அனுமதி. கூரையைச் சும்மா விடுங்கள். புல்பார் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

டயர் என்றதும் பெரிசாகப் போடத் தோன்றும். கம்பெனி அளவு 195/80ஆர்15. இதே அளவில், அல்லது ஒரு படி அகலமான 215/75ஆர்15இல் ஆல் டெர்ரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயர் போதும். 235/75 போட்டால் அடிவயிற்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும், பதிலுக்கு 1.5 லிட்டர் இன்ஜின் ஐந்தாவது கியரில் இழுக்காது, லோ ரேஞ்சின் இழுவையும் குறையும்.

காற்று விஷயத்தில் பெரிய வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அவர்கள் முப்பத்தாறிலிருந்து இருபதுக்கு இறக்கினால் டயர் பரந்து உட்காரும். ஜிம்னிக்குத் தார்ச்சாலையிலேயே 26 பாயிண்ட்தான். இவ்வளவு லேசான வண்டிக்கு இருபது என்பது இன்னும் கல்லு மாதிரி. டார்கோ ஹை பிளெய்ன்ஸ் சாலையின் சரளைக்கு 20, மக்மில்லன் சாலையில் இறங்கும்போது 16, ஈரக் களிமண் ஏற்றத்தில் 14. பதினான்குக்கு வந்த பிறகு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், நிதானம்.

கிராண்ட் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர் வழியாக டால்பட்வில்லுக்கு இறங்கும் பாதையில்தான் மேனுவல் கியரின் அருமை தெரியும். லோ ரேஞ்ச் முதல் கியரில் மேனுவலின் மொத்த விகிதம் 36க்கு 1, அதாவது இன்ஜின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆட்டோமேட்டிக்கில் 25க்குக் கொஞ்சம் குறைவு. ஏறும்போது ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஈடுகட்டிவிடும், இறங்கும்போது கட்டாது. ஆட்டோக்காரர்கள் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். மேனுவலில் முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக ஊர்ந்து இறங்கும். லோ ரேஞ்சுக்கு மாற்றுவதை ஏற்றத்தின் நடுவில் செய்யாதீர்கள். சமதளத்தில் முழுசாக நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, பிறகு சின்ன லீவரை அழுத்தி மாற்றுங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார்கள். அதுதான் தப்பு. லேசான, ஒரே அளவான மிதி இருந்தால்தான் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, இழுவை எதிர்ச் சக்கரத்துக்குப் போகும். விட்டு விட்டு மிதித்தால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது.

ஜிம்னி உண்மையிலேயே தடுமாறும் இடம் சேறு இல்லை, சக்கரத் தடப் பள்ளம். இந்தப் பாதைகளில் பள்ளம் வெட்டியவை எல்லாம் டொயோட்டா லேண்ட்குரூசர், நிசான் பேட்ரோல் என்ற பெரிய வண்டிகள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே ஜிம்னியில் 1.4 மீட்டர்தான் இடைவெளி. அவர்களுடைய பள்ளம் அதைவிட ஒரு சாண் அகலம். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மறு பக்கம் நடு மேட்டில் ஏறும், வண்டி சாயும். ஒடுக்கமான, உயரமான வண்டி; பக்கவாட்டுச் சரிவும் சேர்ந்தால் கவிழும். வழி ஒன்றுதான்: பள்ளத்துக்குள் இறங்காமல், ஒரு பக்கச் சக்கரங்களை நடு மேட்டிலும் மறு பக்கத்தை வெளி விளிம்பிலும் வைத்து ஓட்டுங்கள். கூட வருபவர் இறங்கி முன்னால் நடந்து வழி காட்ட வேண்டும். விளிம்பு வழுக்கினால் ஓட்டுவதை நிறுத்தி, மண்வெட்டியால் மேட்டைச் சீவி விடுங்கள். பத்து நிமிட வேலை. தடத்தை விட்டுக் காட்டுக்குள் சுற்றிப் போவது இங்கே குற்றம்.

டால்பட்வில்லில் கூடாரம் அடிக்கக் காசு கிடையாது. புல்வெளி, பக்கத்திலேயே ஆறு. அங்கிருந்து குரூக்கட் ஆற்றுத் தடம் திரும்பத் திரும்ப ஆற்றைக் கடந்து போகும். கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 30 சென்டிமீட்டர். முதலில் நடந்து பாருங்கள். தண்ணீர் அந்த ஆழத்தைத் தாண்டி, கெண்டைக்காலின் பாதிக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். இந்த லேசான வண்டி கதவு மட்டத்தில் மிதக்கத் தொடங்கும், பின் சக்கரம் பிடியை இழக்கும், ஓட்டம் வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும். இன்னொன்று, மலையிறங்கிச் சூடான அச்சுப் பெட்டியைப் பனி நீரில் இறக்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள். பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறைக்குள் உயர்த்திக் கட்டுவது சின்னச் செலவு. அதைச் செய்யாமல் ஆற்றுக்குப் போகாதீர்கள்.

வண்டி உங்களைக் கொண்டு சேர்க்க மட்டும்தான். சாலையில் நின்றோ சாலைக்குக் குறுக்கேயோ சுடுவது குற்றம்; வண்டிக்குள் துப்பாக்கி காலியாக, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கழற்றி, தோட்டா தனிப் பூட்டில் இருக்க வேண்டும். இருட்டில் மான் வேட்டை கிடையாது, கையில் பிடிக்கும் ஸ்பாட்லைட்டை வீட்டிலேயே வையுங்கள். ஜிம்னியின் பெரிய லாபம் இங்கே வருகிறது: பெரிய வண்டிகள் திரும்ப முடியாத ஒடுக்கமான முகட்டு முனையிலும் இது திரும்பிவிடும். விடியலில் குளிர்காற்று பள்ளத்தாக்கு நோக்கி இறங்கும். ஆகவே வண்டியைக் கீழே விட்டு, காற்று முகத்தில் அடிக்க மேல்நோக்கி நடங்கள். வெயில் ஏறியதும் காற்று திரும்பும். அப்போது மேலிருந்து கீழே.

மான் விழுந்தால் அங்கேயே எலும்பு நீக்கி, ஆளுக்கு இருபது கிலோ வீதம் முதுகுப்பையில் சுமந்து வாருங்கள். சூடான கறியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டியில் அடைத்தால் நடுவில் புளித்துவிடும். காடாத் துணிப்பையில் போட்டு, இரவு முழுக்கக் காற்றில் தொங்கவிட்டு, காலையில் பெட்டியில் அடுக்குங்கள். அடியில் ஐஸ், மேலே ஒரு கம்பித் தட்டு, அதற்கு மேல் கறி, வடிகால் திறந்து. அறுபது லிட்டர் எஸ்கி போதும். பெட்டியைப் பின் கதவோரம் வைக்காமல் முன் இருக்கைகளுக்கு நேர் பின்னால் வைத்து, ராட்செட் பட்டையால் தரைக் கொக்கிகளில் இறுக்குங்கள். ஐம்பது அறுபது கிலோ பெட்டி, சடன் பிரேக்கில் முதுகை உடைத்துவிடும். வடியும் தண்ணீர் கம்பளத்தில் இறங்கினால் அந்த வாடை மாதக் கணக்கில் போகாது. அடியில் விளிம்புள்ள ரப்பர் விரிப்பு கட்டாயம். கறியை விற்கக் கூடாது என்பது சட்டம். பங்கு போட்டுக் கொடுங்கள். முதுகுச் சதையை மிளகும் உப்பும் மட்டும் போட்டு, முகாம் நெருப்பில் வாட்டித் தின்ற ருசிக்கு ஈடே இல்லை. அதற்கு அடுத்த இடம் டார்கோ பப்பின் சிக்கன் பார்மாவுக்கு (சீஸ் போட்ட பொரித்த கோழி). தட்டு நிறைய இருக்கும், கொடுத்த காசுக்குத் தகும்.

மீட்புப் பட்டை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். எட்டு டன் ஸ்னாட்ச் பட்டை (நீண்டு சுருங்கி, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் பட்டை) என்று கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறார்கள். பட்டையின் உடையும் பலம், இரண்டு வண்டிகளில் லேசானதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஜிம்னிக்கு அது மூன்றிலிருந்து நாலரை டன். எட்டு டன் பட்டை நீளாது. இழுக்கும்போது அதிர்ச்சி முழுக்கச் சேஸிஸில் இறங்கும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்றரை டன் கை வின்ச்சும், சக்கரத்தடியில் போடும் ஒரு ஜோடி மணல் பலகையும், மரத்தைச் சுற்றும் பட்டையும் போதும். சாதாரண சாலையோர உதவித் திட்டங்கள் இந்தத் தடங்களுக்கு வராது. தனியார் மீட்பு வண்டியைக் கூப்பிட்டால் ஒரு செட் டயர் பணத்தை ஒரே நாளில் வாங்கிவிடுவார்கள்.

திரும்பும்போது பெய்ன்ஸ்டேலில் காற்றை 26க்கு ஏற்றி, காசு போட்டுக் கழுவும் இடத்தில் முதலில் ரிம்முக்கு உள்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அங்கே காய்ந்த களிமண் ஒட்டியிருந்தால் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையை உதறும். கழுவிய பிறகும் உதறினால் கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) அல்லது பேன்ஹார்ட் ராடு (அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ் தேய்ந்திருக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் கிங்பின் பக்கம் பாருங்கள். ஆற்றில் இறங்கிய வாரமே அச்சு எண்ணெயையும் திறந்து பார்த்துவிடுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை தாங்காது.