கொறடாவை மீறிய 139 பேர்

எங்கள் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் எல்லையில் இருக்கும் நாட்களில் அம்மா செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். போருக்கு யார் சம்மதம் தருகிறார்கள் என்பது எங்களுக்குச் சும்மா செய்தி இல்லை.

2003 மார்ச் 18 அன்று இராக் போர் வாக்கெடுப்பில், பிரிட்டன் தொழிற்கட்சி எம்.பி.க்கள் 139 பேர் சொந்தப் பிரதமர் டோனி பிளேரை எதிர்த்தார்கள். முந்தைய நாளே ராபின் குக் அமைச்சர் பதவியை உதறினார். தோற்றார்கள், சரி. ஆனால் அதற்காக எம்.பி. பதவி போகவில்லை. 2013இல் சிரியாவில் ராணுவ நடவடிக்கைக்காக பிரிட்டன் அரசு கொண்டுவந்த தீர்மானம் 272-க்கு 285 என்று தோற்றே போனது.

இங்கே 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவியே பறிபோகலாம். போர் விஷயத்திலாவது மனசாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இதைத்தான்.