முகட்டின் மறுபக்கம்

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் பள்ளத்தாக்கில் விடுதிச் சமையலறை வேலைக்கு வந்துசேரும் நம்மவர்களுக்குப் பனியைப் பற்றி முதலில் சொல்லித்தரப்படுபவை, வழுக்காத சப்பாத்தும் வாகனத்தின் குளிர்கால டயரும்தான். மலைச்சரிவில் கிடக்கும் பனி எப்போது நிலைத்து நிற்கும், எப்போது பனிச்சரிவாகப் புறப்படும் என்பதை இங்கே பிறந்தவர்கள் சிறுவயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். அருகிலுள்ள ஃப்ராவன்கிர்க் தேவாலயத்தில் மலையை நோக்கிய சுவர், இறங்கிவரும் பனி இருபுறமும் பிளந்து போகும்படி ஆப்பு வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பனி பெய்த மறுநாள் காலையில், சறுக்குத்தளங்களுக்கு மேல் தேங்கிய பனியை வெடிவைத்து முன்கூட்டியே இறக்குவார்கள். வன்னியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த ஓசை என்ன செய்யும் என்பது எந்த வரவேற்புக் கையேட்டிலும் இராது.

டாவோஸில் இயங்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்துக்கு 5 படிநிலைகள் உண்டு. மூன்றாம் நிலை நடுவில் இருப்பதால் நடுத்தரமான அபாயம் என்று எண்ணத் தோன்றுகிறது. எனினும் உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி அந்த நிலை அறிவிக்கப்பட்ட நாள்களிலேயே நிகழ்கின்றன. நான்கு என்றால் பெரும்பாலோர் வீட்டிலிருந்துவிடுகிறார்கள், மூன்று என்றால் வானம் வெளித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே எண்ணைவிட, எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், என்ன காரணத்தால் என்று அதன் கீழே எழுதியிருப்பதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த வரிகள் எதைக் குறிக்கின்றன என்பது, டிஷ்மா பள்ளத்தாக்கிற்கு மேலுள்ள முகடொன்றில் பயிற்சி வகுப்பினருடன் நின்றபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று. இரவு முழுதும் வடமேற்குக் காற்று வீசியிருந்ததால், காற்று வந்த பக்கம் கல்லும் காய்ந்த புல்லும் தெரியுமளவுக்கு வழிக்கப்பட்டிருந்தது. மறுபக்கத்திலோ அதே பனி தடித்த பலகையாகப் படிந்து, விளிம்புக்கு வெளியேயும் நீண்டு தொங்கியது. தொங்குபனி உடையும்போது நாம் எதிர்பார்ப்பதைவிட உள்ளே தள்ளியே உடையக்கூடும் என்பதால், விளிம்பை நெருங்க வழிகாட்டி எங்களை விடவில்லை.

பின்னர், அதே திசையை நோக்கிய பாதுகாப்பான சிறு சரிவொன்றில் அவர் நிலம் தெரியும்வரை குழி வெட்டினார். மேலே இறுகிய பலகை, நடுவில் மென்மையான சில படைகள், அடியில் சாம்பல் நிறப் பருமணிகள். அந்த மணிகளைக் கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வரவில்லை. சீனிபோல விரலிடுக்கில் வழிந்தன. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாகக் கிடக்கும்போது நிலம் சுழியப் பாகையை ஒட்டியும் மேற்பரப்பு கடுங்குளிரிலும் இருப்பதால், நீராவி கீழிருந்து மேலேறி, மணிகளை ஒன்றோடொன்று ஒட்டாத கோணல் படிகங்களாக மாற்றிவிடுகிறது. வாரக்கணக்கில் மறைந்து கிடக்கும் அந்தப் படையின் மேல் காற்று பலகையை ஏற்றிவிட்டால், எஞ்சியிருப்பது ஒரு மனிதரின் எடை மட்டுமே. பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர், தாமோ தம் குழுவினரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகிறார்கள்.

வழிகாட்டி 90 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமுமான பனித்தூணைச் சுற்றிலும் அறுத்துப் பிரித்து, அதன் ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்ற கணக்கில் தட்டத் தொடங்கினார். தோள்வரை போகத் தேவையிருக்கவில்லை. அடியிலிருந்த பருமணிப் படையில் ஓடிய பிளவு தூணின் மறுமுனையை ஒரே வீச்சில் எட்ட, மேற்பலகை முழுதாக வழுக்கி வந்தது. ஆனால் ஒரு குழி தான் வெட்டப்பட்ட இடத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். தூண் நின்றுவிட்டது என்பதற்காக அடுத்த சரிவில் இறங்கலாம் என்று முடிவுகட்ட முடியாது. காலடியில் "வும்" என்று பனி அமுங்குவதும், நடக்கும்போது பிளவுகள் முன்னே ஓடுவதும், பக்கத்துச் சரிவில் கிடக்கும் புதிய பனிச்சரிவும் எந்தக் குழியையும்விட நேரடியான எச்சரிக்கைகள். அன்று நாங்கள் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்த்து, வந்த வழியே இறங்கினோம்.

புதைந்தவரைத் தேடும் கருவி, நீண்ட துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும். முழுதாகப் புதைந்தவரை முதற் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிவதால், தோண்டப்போவது பெரும்பாலும் கூட வந்தவர்கள்தான். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஓய்வுநாளில் மலைக்குப் போகலாமா என்று கேட்டால், இளஞ்சிவப்புப் பலகை நட்ட குளிர்கால நடைபாதைகளைக் காட்டுகிறேன். அவற்றையும் சில நாள்களில் அடைத்துவிடுவார்கள், அடைத்திருந்தால் திரும்பிவிட வேண்டும்.