கம்பாலா நாட்குறிப்பு: ஜனவரி 2021

12 ஜனவரி, செவ்வாய்

நாளை மறுநாள் உகாண்டாவில் ஜனாதிபதித் தேர்தல். இன்று ஃபேஸ்புக் இல்லை. அரசுக்கு ஆதரவான போலிக் கணக்குகள் சிலவற்றை அந்த நிறுவனம் தூக்கியது. பதிலுக்கு அரசு அந்த நிறுவனத்தையே தூக்கிவிட்டது. இரவு டிவியில் வந்து ஜனாதிபதி முசேவேனியே கோபமாகச் சொன்னார். கடைப் பையன்கள் அலட்டிக்கொள்ளவில்லை. 2018-இல் வாட்ஸப், ஃபேஸ்புக்குக்கு நாளுக்கு 200 ஷில்லிங் வரி போட்டபோதே எல்லார் போனிலும் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி ஏறிவிட்டது.

13 ஜனவரி, புதன்

மதியமே ஷட்டரை இறக்கிவிட்டோம். சாயங்காலம் மொத்த இணையமும் போனது. ‘நாளைக்கு வீடியோ கால் வராதும்மா’ என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

முதலாளி குஜராத்திக்காரர். 1972-இல் சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களை 90 நாள் கெடு வைத்துத் துரத்தியபோது கைக்குழந்தையாக லண்டன் போனவர். முசேவேனி வந்த பிறகுதான் பறித்த சொத்துகள் திரும்பின. இந்தக் கட்டடமும் அப்படி மீண்டதுதான். தொப்பி போட்ட ஜனாதிபதி படம் இங்கே கடைக்குக் கடை இருக்கும், ஆனால் முதலாளி மனதார மாட்டியிருக்கிறார். “இவர் போனால் என்ன ஆகும்?” என்பதுதான் எப்போதும் பேச்சு. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 35 வருடமாக அதுவே ஆட்சிக்கு முதலீடாகவும் இருக்கிறது.

14 ஜனவரி, வியாழன்

குக்கரில் பொங்கல். அப்புறம் பக்கத்துத் திடலில் வாக்குப்பதிவை வேடிக்கை பார்க்கப் போனேன். மறைவுக்குத் தட்டி கிடையாது. மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பேசின், அவ்வளவுதான். அதற்குள் சீட்டை வைத்து, குனிந்து குறி போடுகிறார்கள். நான்கு மணிக்கு மேல் அங்கேயே, எல்லார் முன்னாலும், ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணினார்கள். முசேவேனியை எதிர்த்து நிற்கும் பாடகர் பாபி வைன் பெயர் வந்தால் ஒரே கூச்சல். எல்லாம் இளவட்டம். நாட்டில் முக்கால்வாசிப் பேர் 30 வயதுக்குள். பிறந்ததிலிருந்து ஒரே ஜனாதிபதி.

15 ஜனவரி, வெள்ளி

கிடங்குப் பெரியவர் கம்பாலாவுக்கு வடக்கே உள்ள லுவேரோக்காரர். வேலை இல்லாததால் பழைய கதை வந்தது. 1980 தேர்தலில் முசேவேனி சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். மோசடி என்று சொல்லி 1981 பிப்ரவரி 6-இல் கபாம்பா ராணுவ முகாமைத் தாக்கினார். கையில் இருந்தது 27 துப்பாக்கி. பிறகு ஐந்து வருடம் லுவேரோப் பக்கம் கெரில்லாப் போர். பெரியவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்து ராத்திரியில் காட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களாம். போர் முடிந்தபோது சாலையோரம் மண்டை ஓடுகளை அடுக்கி வைத்திருந்ததையும் சொன்னார்.

போரில் வென்று 1986 ஜனவரி 29-இல் பாராளுமன்றப் படியில் பதவியேற்ற முசேவேனி, இது வெறும் ஆள் மாற்றம் அல்ல என்றார். ஆப்பிரிக்காவின் பிரச்சினை மக்கள் அல்ல, நாற்காலியை விடாத தலைவர்கள்தான் என்று சொன்னவரும் இவரே.

“ஐயா, நேற்று யாருக்குப் போட்டீர்கள்?” என்றேன். சிரித்துவிட்டுப் பூட்டைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

16 ஜனவரி, சனி

முசேவேனிக்கு 58 சதவீதத்துக்கு மேல், பாபி வைனுக்குச் சுமார் 35. சுதந்திரம் பெற்ற 1962-க்குப் பிறகு மோசடியே இல்லாத தேர்தல் இதுவாக இருக்கலாம் என்கிறார் வென்றவர். தோற்றவர் வீட்டைச் சுற்றி ராணுவம். கம்பாலா உள்ளிட்ட புகாண்டா என்னும் மத்தியப் பகுதி கைவிட்டுப் போனதுதான் முசேவேனிக்கு உறைத்திருக்கும்.

18 ஜனவரி, திங்கள்

இணையம் வந்தது. எழுதி வைத்ததை இப்போதுதான் ஏற்றுகிறேன்.

‘முசேவேனி சர்வாதிகாரியா?’ என்று சென்னை நண்பன் கேட்டிருந்தான். ஒரே சொல்லில் முடிகிற விஷயமில்லை. 1995 அரசியலமைப்பு இவர் ஆட்சியில் வந்ததுதான். அதில் இரண்டு பூட்டுகள்: இரண்டு முறைக்கு மேல் கூடாது, 75 வயதுக்கு மேல் போட்டியிடக் கூடாது. முதல் பூட்டை 2005-இல் பாராளுமன்றமே திறந்தது, எம்.பி. ஒருவருக்கு 50 லட்சம் ஷில்லிங் கைமாறியது என்று அப்போதே பேச்சு. இரண்டாவது 2017 டிசம்பரில், 315-க்கு 62 வாக்கில் போனது. அதற்கு முன்பு செப்டம்பரில் அவைக்குள்ளேயே நாற்காலிகள் பறந்தன, எம்.பி.க்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனார்கள். எல்லாம் சட்டப்படி, முறைப்படி! போராட்டக் காலத்தில் இவருக்கு மருத்துவராக இருந்த பெசிஜே நான்கு தேர்தலில் எதிர்த்து நின்று, சிறைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததுதான் மிச்சம்.

26 ஜனவரி, செவ்வாய்

விடுதலை நாள், விடுமுறை. கம்பாலா முசேவேனி கைக்கு வந்து இன்றோடு 35 வருடம். நீதிமன்றம் நேற்று உத்தரவிட்டதால் பாபி வைன் வீட்டிலிருந்து ராணுவம் விலகியது.

அடுத்த தேர்தலில் முசேவேனிக்கு 81 வயது இருக்கும். மகன் முஹூசியை டிசம்பரில் மறுபடி சிறப்புப் படைத் தளபதியாக்கியிருக்கிறார். முதலாளி போன் செய்தார், கணக்கு விஷயமாக. வைக்கும் முன் கேட்டார்: “அந்தப் பையன் எப்படி, வியாபாரிகளோடு ஒத்துப்போவானா?”