கையை எங்கே வரைவது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்காக, 4 முதல் 7 வயதுக்கு, விலங்குகளிடம் பதமாக நடப்பது பற்றிய படப் புத்தகம் ஒன்றை முடித்தோம். 'அன்பாக இரு' என்ற வரி முதல் வரைவிலேயே அடிபட்டுப் போனது. அதைப் படிக்கிற பிள்ளைக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாது. அதனால் எந்தப் பக்கமானாலும் கை எங்கே இருக்கும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்தோம்.

நாய்ப் பக்கம்தான் படாதபாடு படுத்தியது. ஓவியர் கை தானாகவே தலையில் தட்டிக்கொடுப்பதை வரைந்துவிடும். மேலிருந்து இறங்கும் கை, பழகாத நாய்க்கு அடிக்க வருகிற கை. இப்போதுள்ள படத்தில் நாயை வளர்ப்பவர் கூட இருக்கிறார், பிள்ளை பக்கவாட்டில் நிற்கிறது, கை தொங்குகிறது, நாயே வந்து மோப்பம் பிடிக்கிறது. அடுத்த பக்கத்தில்தான் தோளில் ஒரு தடவல். நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு படுத்திருக்கும்போதும் படத்தில் கையே கிடையாது. 'வாலாட்டினால் சந்தோஷம்' என்ற வரியையும் எடுத்துவிட்டோம். வாலை விறைத்து ஆட்டுகிற நாய் கடிக்கவும் கடிக்கும். அட்டையின் உள்பக்கம் பெரியவர்களுக்கு: கடியோ பிறாண்டலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம்.

மாட்டுக்கு நேர் பின்னால் யாரையும் நிறுத்தவில்லை. அங்கே அதற்குக் கண் தெரியாது, மிரண்டால் உதை. கழுத்துக்கு அடியில் சொறியும் கையை வரைந்தோம். மாடு, பின்பக்கம் வளைந்த கொம்புள்ள ஆலம்பாடி, இந்தப் பக்கத்து நாட்டு இனம். இணையத்தில் கிடைக்கும் கறுப்பு வெள்ளைச் சீமை மாடு வேண்டாம் என்றோம்.

யானைக்கு வாழைப்பழம் நீட்டும் படம் அழகாகத்தான் இருந்தது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகுக் காட்டுக்கே யானை வருகிறது. அங்கே அந்தப் படம் ஆளைக் கொல்லும். வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதாக மாற்றினோம். ஒகேனக்கல் குரங்குக்கும் தீனி கிடையாது. கொடுத்துப் பழக்கினால் பிடுங்கத் தொடங்கும்.

பக்கத்துக்கு இரண்டு வரி, எழுத்து அளவு 22 பாயிண்ட். வாசித்துக் காட்டியபோது 'மென்மையாக' புரியவில்லை, 'பூ மாதிரி' புரிந்தது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அணிலைத் தெலுங்கில் 'உடுத' என்பார்கள். படத்தைக் காட்டிய பிறகே தமிழ்ப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அச்சுக்கு: நடு மடிப்பில் கம்பிப் பின் (ஸ்டேப்ளர்) அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வேண்டும், எங்களுடையது 24. ஓரம் வெட்டுவதற்காகப் படம் நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். நாயின் முகம் நடு மடிப்பில் விழக் கூடாது. திரையில் பளிச்சென்ற பச்சை, அச்சு மையில் மங்கும்; மாதிரித் தாள் பார்க்காமல் ஓட்டவிடாதீர்கள். யூனிகோடு எழுத்தைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் 'கொக்கு' 'ெகாக்கு' ஆகிவிடும்.

புத்தகம் வந்ததும் கட்டுக்கு நான்கைந்து பிரதிகளின் நடுப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கம்பிப் பின்னின் முனை சரியாக மடங்காவிட்டால் பிள்ளைகள் விரலைக் கிழிக்கும்.