நெட் பொருளியல்: ரங்கராஜனைப் பின்தொடர்ந்து இந்தியப் பொருளாதாரம் படித்த அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் எழுதத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, மைக்ரோ, மேக்ரோ எல்லாம் ஓரளவு புரியுது. இந்தியப் பொருளாதாரமும் பணம், வங்கியும்தான் மனசில் நிற்க மாட்டேங்குது." நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. கைடுகளில் அவை கமிட்டிப் பெயர், தலைவர், ஆண்டு என்று வெறும் பட்டியலாக வருகின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று எங்கேயும் சொல்வதில்லை.

அதுவும் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் பெயரில் "ரங்கராஜன் கமிட்டி" என்று எத்தனை! வங்கிக் கணினிமயம், அந்நியச் செலாவணி, பங்கு விற்பனை, புள்ளிவிவரம், நிதி உள்ளடக்கம், சர்க்கரை, வறுமைக் கோடு. பொருத்துக வகைக் கேள்வியில் இவை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தலை சுற்றும். எனக்கு வழி திறந்ததும் இந்தப் பெயரிலிருந்துதான். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மனிதர் எந்த ஆண்டு எந்தப் பொறுப்பில் இருந்தார் என்று ஒரு நீளத் தாளில் எழுதினேன். நெட் இரண்டாம் தாளில் பொருளியலுக்கு 10 அலகுகள், 100 கேள்விகள், 200 மதிப்பெண். அதில் குறைந்தது மூன்று அலகுகள் அந்த ஒரு தாளில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

சி. ரங்கராஜன் 1932-ல் அரியலூரில் பிறந்தவர். திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964-ல் முனைவர் பட்டம் பெற்றார். அப்புறம் ஆசிரியர் வேலை. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் மட்டும் பத்தாண்டுக்கு மேல். 1982-ல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராகப் போனபோது அவருக்கு ஐம்பது வயது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வகுப்பறையில் பண அளிப்பு, பணவீக்கம் என்று கரும்பலகையில் எழுதிய ஒருவர், பாதி வாழ்க்கைக்குப் பிறகு அதே பாடத்தை நாட்டின் நிர்வாகத்தில் செயல்படுத்தப் போகிறார். கோட்பாடு வேறு, கொள்கை வேறு என்று பிரித்துப் படிப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

1980-களை வேகமாகத் தாண்டலாம். வங்கிகளில் இயந்திரமயம் பற்றிய அவருடைய முதல் அறிக்கை 1984, கணினிமயம் பற்றிய இரண்டாவது 1989. இடையில் 1985-ல் பணவியல் அமைப்பு பற்றிய சுகமோய் சக்கரவர்த்தி குழுவின் அறிக்கை. இந்த மூன்றையும் "துணை ஆளுநர் காலம்" என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுங்கள்.

1991-ஐ அப்படித் தாண்டக் கூடாது. கையிருப்பு அந்நியச் செலாவணி ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு படிகளில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. முதல் படி முடிந்ததும் டெல்லியில் தயக்கம் வந்து, இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் தொலைபேசியில் கேட்டார். அதற்குள் ரங்கராஜன் வேலையை முடித்துவிட்டிருந்தார். கேட்டவர், கேட்கப்பட்டவர் இருவருமே பொருளியல் பேராசிரியர்களாக இருந்தவர்கள். இதைப் படித்த பிறகு மதிப்புக் குறைப்பு, அது வணிகக் கணக்கை எப்படி மாற்றும் என்று சொல்லும் ஜே வளைவு, மார்ஷல்-லெர்னர் நிபந்தனை எல்லாம் சர்வதேசப் பொருளியலில் தனியாக மிதக்கவில்லை. அங்கிருந்து கோடு நேராகப் போகிறது: 1992-ல் இரட்டை மாற்று விகிதம், 1993-ல் சந்தை தீர்மானிக்கும் ஒரே விகிதம், அதே ஆண்டு அவர் தலைமையிலான செலுத்துநிலை (balance of payments) குழுவின் அறிக்கை, 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்கில் முழு மாற்றுத்தன்மை, அதாவது இறக்குமதி போன்ற நடப்புச் செலவுகளுக்கு ரூபாயை அந்நியச் செலாவணியாக மாற்றும் உரிமை. கால வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விக்கு இந்த ஒரு கோடு போதும்.

1992 டிசம்பர் முதல் 1997 நவம்பர் வரை அவர் ரிசர்வ் வங்கியின் ஆளுநர். இந்த ஐந்தாண்டில் எதைப் படிக்காவிட்டாலும் அட்ஹாக் கருவூல உண்டியலை, அதாவது மத்திய அரசு ரிசர்வ் வங்கியிடம் பணம் பெறக் கொடுத்த குறுகிய காலக் கடன் பத்திரத்தைப் படியுங்கள். என் கணிப்பில் அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடை. கடையை நடத்துவது ஏஜண்டு. ஊரில் முதலாளி வீட்டில் ரொக்கம் குறையும்போதெல்லாம், ஏஜண்டைக் கேட்காமலே கடைப்பெட்டியிலிருந்து பணம் போய்விடும் என்று ஓர் ஏற்பாடு. அந்த ஏஜண்டு எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? 1955 முதல் மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இருந்தது அதுதான். அரசின் இருப்பு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் அட்ஹாக் உண்டியல் தானாக உருவாகும், ரிசர்வ் வங்கி அதை வாங்கிக்கொண்டு பணம் தரும். 1974-க்குப் பிறகு அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். தற்காலிகம் என்று தொடங்கியது நிரந்தரமாகி, பற்றாக்குறை நேராகப் புதுப் பணமாக மாறியது. விலைவாசியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு ரிசர்வ் வங்கியிடம், பணத்தின் குழாய் வேறு கையில்.

1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டு இதற்குப் படிப்படியாக உச்சவரம்பு வைத்தன. 1997 ஏப்ரல் 1 முதல் அட்ஹாக் உண்டியல் அடியோடு நின்றது. அதற்குப் பதில் வரம்பும் தவணையும் உள்ள வழிவகை முன்பணம் (ways and means advances) வந்தது. முதல் ஒப்பந்தத்தின்போது நிதியமைச்சர் மன்மோகன் சிங். முடித்து வைத்தபோது நிதியமைச்சர் நம் கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம். நிதிப் பற்றாக்குறை, பணமாக்கப்பட்ட பற்றாக்குறை, மத்திய வங்கியின் தன்னாட்சி என்று மூன்று அலகுகளில் சிதறிக் கிடப்பவை இந்த ஒரே நிகழ்வில் சந்திக்கின்றன. இதைப் பற்றி யார் எந்த வடிவில் கேட்டாலும் அரைப்பக்கம் எழுதும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு வங்கியியலில் ஒரு கூடுதல் வசதி உண்டு. எங்கள் தெருவில் ஓர் ஆச்சியிடம் பாடத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னபோது, "நடப்பு வட்டி ரங்கூன்ல கோயில்ல கூடித்தான் போடுவாகன்னு எங்க அப்பச்சி சொல்லுவாக" என்றார்கள். கடைகளுக்கு இடையே நடக்கும் கடனுக்கு மாதாமாதம் ஒரு பொது வட்டி வைத்து, மற்ற வட்டிகளை அதை ஒட்டி அமைத்துக்கொண்டார்கள். கொள்கை வட்டி என்ற பாடம் அன்றைக்குத்தான் எனக்கு ஊரோடு ஒட்டியது. 1930-களின் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் பர்மாவின் நெல் வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்ததும், அந்த நிலமே பின்னால் பெரும் இழப்பானதும் வங்கியின் சொத்துத் தரம் பற்றிய பாடம்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் தொடங்கிய அன்றே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கிளை திறந்தது. 1969-ல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

ரிசர்வ் வங்கி ஆளுநர் பதவிக்குப் பிறகு ரங்கராஜன் ஆந்திர மாநில ஆளுநரானார். தேர்வுக்கு அது அவ்வளவாக வேண்டாம். அவர் தலைமையிலான பன்னிரண்டாம் நிதிக்குழு வேண்டும். 2005 முதல் 2010 வரைக்கான பரிந்துரை, மத்திய வரியில் மாநிலங்களின் பங்கு 29.5-லிருந்து 30.5 சதவீதம், கடன் நிவாரணம் வேண்டுமென்றால் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற நிபந்தனை. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை 2003-லேயே இயற்றியிருந்தது.

அப்புறம் வறுமைக் கோடு. இங்கேதான் பலர் இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். 2011-12-க்கு, முந்தைய நிபுணர் குழுவான டெண்டுல்கர் குழுவின் முறையில் மாதம் ஒருவருக்குக் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000. ரங்கராஜன் குழு 2014-ல் சொன்னது 972, 1,407. அதனால் ஏழைகளின் விகிதம் 21.9-லிருந்து 29.5 சதவீதமாக உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்பதுதான் கேள்வியாக வரும். கலோரியோடு புரதம், கொழுப்புத் தேவையையும் சேர்த்தார்கள். கிராமத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனிக் கூடை வைத்தார்கள். செலவுக் கணக்கெடுக்கும் முறையும் மாறியது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ரங்கராஜன் கோடு மாதம் கிராமத்தில் 4,860, நகரத்தில் 7,035 ரூபாய். அந்தத் தொகைக்குள் அரிசி, பருப்பு, எண்ணெய், பஸ் கட்டணம், மருந்து, பள்ளிச் செலவு என்று நீங்களே ஒரு தாளில் பிரித்துப் பாருங்கள். நான் அப்படிப் பிரித்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சதவீதத்துக்குள் எத்தனை குடும்பங்களின் அடுப்பு இருக்கிறது என்று பொருளியல் படிக்கும் நாம் உணர வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் ஆண்டும் பொறுப்பும், நடுவில் நடந்தது, கடைசியில் அது தொடும் அலகு. விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பொருளியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். வங்கிச் சீர்திருத்தத்துக்கான நரசிம்மம் குழுக்கள் 1991, 1998, மூலதனக் கணக்கு மாற்றுத்தன்மைக்கான தாராபூர் குழுக்கள் 1997, 2006, வறுமைக் கோட்டுக்கான டெண்டுல்கர் குழு 2009 ஆகியவற்றை அதே தாளில் அந்தந்த ஆண்டுக்கு எதிரே வேறு நிற மையில் சேருங்கள். குழப்பம் தரும் பெயர்கள் அப்போது தானாகப் பிரியும். ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கைகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1996-97 அறிக்கையிலிருந்து தொடங்கினால் அட்ஹாக் பகுதி நேரடியாகக் கையில் வரும். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிக்க மாட்டார்கள், ஆகவே எதையும் விடாமல் குறியுங்கள்.

அந்தத் தாள் நிரம்பியதும் அடுத்ததாக மால்கம் ஆதிசேஷையாவை எடுங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர், யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர், 1971-ல் சென்னையில் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாநிலங்களவை உறுப்பினர். வளர்ச்சிப் பொருளியல் அலகில் கல்வியும் மனித மூலதனமும் பற்றிய பகுதிக்கு அவருடைய வாழ்க்கையில் நிறைய இருக்கிறது.