கார் மூக்கு நிமிரும் வரை

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சன்னிவேலுக்குப் படிக்க வந்து முதல் நாலு மாதம் கார் இல்லாமல்தான் ஓட்டினேன். எல் கமினோ ரியல் சாலையில் ஓடும் 22-ஆம் நம்பர் பஸ்தான் துணை. பஸ் மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இறங்கிய இடத்திலிருந்து 20 பவுண்டு அரிசிப் பையைச் சுமந்துகொண்டு இருபது நிமிடம் நடக்க வேண்டும். மூன்றாவது பையோடு வீடு வந்த அன்று, லைசென்ஸ் எடுத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

லைசென்ஸ் தருகிற அரசு அலுவலகமான டி.எம்.வி.க்குப் போகிற மாணவர்கள் பாஸ்போர்ட், விசா, ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), முகவரிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். என்னையும் கவுண்டரில் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கண்ணின் நிறம் என்ன? அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கறுப்பு என்றேன். கவுண்டரில் இருந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தார். "பிரவுன்" என்றார், சிரித்துக்கொண்டே.

எழுத்துத் தேர்வில் 18 வயதுக்கு மேல் என்றால் 36 கேள்வி. 30 சரியாக இருக்க வேண்டும். டி.எம்.வி. கையேட்டை இரண்டு தடவை படித்தால் போதும். நடைபாதை ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலம் என்று பூசியிருப்பார்கள். எந்த நிறத்தில் யார், எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் முதல் தடவையே தேறிவிட்டேன்.

எழுத்துத் தேர்வு தேறினால் ஓட்டிப் பழகுவதற்கான பெர்மிட் தருவார்கள். அதை வைத்திருப்பவர் தனியாக ஓட்டக்கூடாது, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும். மாடி வீட்டு அக்கா தன் கொரோலாவோடு வந்தார். திருநெல்வேலிக்காரர், பத்து வருடமாக இங்கே ஓட்டுகிறவர். மதுரையில் நான் ஓட்டிய அப்பாவின் மாருதியில் இண்டிகேட்டர் வலது கையில் இருந்தது, இங்கே இடது கையில். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலடிக்கும்போதே வைப்பர் ஆடியது. அது பத்து நாளில் சரியாகிவிட்டது. சரியாகாமல் நின்றது ஸ்டாப் போர்டு.

வீடுகள் உள்ள தெருக்களில் மூலைக்கு மூலை சிவப்பு எண்கோணப் பலகை நிற்கும். போலீஸ் இல்லை, சிக்னல் இல்லை, பல நேரம் ஆளே இல்லை. ஆனாலும் நிற்க வேண்டும். நாலு பக்கமும் போர்டு இருக்கிற சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. நான் வண்டி ஓட்டிப் பழகிய ஊரில் லாரிக்குப் பின்னாலேயே 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருக்கும். ஹாரன் என்றால் 'நான் வருகிறேன்' என்று சொல்வது. இங்கே கண்ணைப் பார்த்து, கையை லேசாக உயர்த்தி, 'நீங்கள் போங்கள்' என்கிறார்கள். முதன்முதலில் ஒரு தாத்தா எனக்கு அப்படி வழிவிட்டபோது நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்!

ஓட்டும் தேர்வுக்குக் காரை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அதன் பதிவுச் சான்றும் இன்சூரன்ஸும் கையில் இருக்க வேண்டும். சின்னச் சின்னத் தவறு 15 வரை பொறுத்துக்கொள்வார்கள். பெரிய தவறு ஒன்றே ஒன்று செய்தாலும் தேர்வு போச்சு. முதல் தடவை நான் எல்லாம் நன்றாகத்தான் செய்தேன், ஒரு ஸ்டாப் போர்டில் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, உருண்டபடியே போனதைத் தவிர. தேர்வு அதிகாரி, அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததும் தாளில் அந்த ஒரு வரியைக் காட்டி, சக்கரம் நிற்கவே இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அந்தத் தெருவில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா அழைத்துப் போனார். "பாப்பா, பிரேக்கை மிதிச்சா கார் மூக்கு கீழே போகும்ல? நின்ன பிறகு நிமிரும். அது நிமிர்ற வரைக்கும் நீ நிக்கல." அதற்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை. பானெட் மெல்லத் தாழ்கிறது, ஒரு நொடி, பிறகு முதுகு சீட்டில் சாய பானெட் எழுகிறது. அன்று நாற்பது ஸ்டாப் போர்டாவது நின்றிருப்போம். ஒவ்வொன்றிலும் அக்கா "நிமிர்ந்துச்சு, போ" என்றார்.

இரண்டாம் தடவை தேர்வில் மனசுக்குள் அந்தக் குரல்தான் ஓடியது. தேறினேன். கையெழுத்துப் போட்ட கை நடுங்கியது.

தற்காலிகத் தாளை வைத்துக்கொண்டு அன்றே அரிசி வாங்கப் போனோம், நான்தான் ஓட்டினேன். சில வாரத்தில் கார்டு தபாலில் வந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுப் போன் செய்தார்.

"யாருடி அது உன் கண்ணைப் பழுப்புன்னு எழுதினது? மை மாதிரி கண்ணு உனக்கு. போய் மாத்தச் சொல்லு."